ஒரு எஃப்.எம்-மில் விளம்பரம் வந்தால் எல்லா எஃப்.எம்-மிலும் விளம்பரமா? 8:20 மணி ரகசியம்!

காலை மணி 8:20. டெய்லர் கடை திறந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஓவர்லாக் மெஷின் சத்தத்தையும் தாண்டி ரேடியோவில் இளையராஜா ஓடிக்கொண்டிருக்கிறார். பாட்டின் கடைசி வயலின் முழுசாக அடங்குவதற்குள் ஆர்.ஜே குறுக்கே வருகிறார். "எங்கேயும் போயிடாதீங்க... அடுத்து ஒரு செம பாட்டு காத்துக்கிட்டிருக்கு!" அவ்வளவுதான். நகைக்கடை, பல் ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை, வீட்டுமனை, இன்னொரு நகைக்கடை என வரிசை கட்டி வருகின்றன.

மெஷினில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு ஒரு கை துணியில், இன்னொரு கை ஊசிக்குப் பக்கத்தில். சேனல் மாற்ற மூன்றாவது கை கிடையாது. கேட்டுக்கொண்டே தைக்கிறார். வெளியே சிக்னலில் நிற்கும் ஆட்டோ அண்ணன் சும்மா இருப்பதில்லை. பட்டனை அழுத்துகிறார். அடுத்த சேனலிலும் விளம்பரம். மறுபடி அழுத்தினால் அங்கே ஒரு பாட்டு முடிந்து, "ஒரு சின்ன பிரேக்குக்குப் பிறகு..." என்று யாரோ சொல்லிக்கொண்டிருக்கிறார். "எல்லாரும் பேசிவெச்சுக்கிட்டு பண்றானுங்கப்பா" என்று அலுத்துக்கொள்கிறார் அண்ணன்.

பேசிவைத்தெல்லாம் செய்வதில்லை. ஆனால், அது தற்செயலும் இல்லை.

வட்டத்துக்குள் ஒரு மணி நேரம்

ரேடியோ நிலையங்களில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு வரைபடம் இருக்கும். கடிகார முகம் போல ஒரு வட்டம், அதில் கேக் துண்டுகள் போலப் பிரிவுகள். இதற்கு 'கிளாக்' என்றே பெயர். எந்த நிமிடத்தில் பாட்டு, எதில் ஆர்.ஜே பேச்சு, எதில் நிலையத்தின் பெயரைச் சொல்லும் ஜிங்கிள், எதில் விளம்பரம் என்று எல்லாம் அந்த வட்டத்தில் குறித்தாகிவிடும். ஆர்.ஜே மனம் போன போக்கில் பேசுவதாகத் தோன்றுகிற அந்தக் கலகலப்புகூட, பல நிலையங்களில் இத்தனை விநாடி என்று அளந்து கொடுக்கப்பட்டதுதான்.

நாம் பாட்டைக் கேட்கத்தான் ரேடியோ போடுகிறோம். அதனால், முதலில் பாட்டுகளை அடுக்கிவிட்டு, நடுவில் கிடைக்கிற சந்தில் விளம்பரத்தைச் செருகுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். விளம்பரம் அப்படி சந்தில் நுழைகிற விருந்தாளி இல்லை. அதற்கான நிமிடங்கள் கிளாக்கில் முன்கூட்டியே பூட்டப்பட்ட இடங்கள். ஒரு மணி நேரம் என்பது 3,600 விநாடி. அதில் 12 நிமிடம் விளம்பரத்துக்கு என்றால், மீதி 48 நிமிடம். ஆர்.ஜே பேச்சு, ஜிங்கிள், டிராஃபிக் தகவல் எல்லாம் சேர்த்து 8 நிமிடம் போனால் 40 நிமிடம் மிச்சம். நாலரை நிமிஷப் பாட்டு என்றால், எட்டுப் பாட்டு போக கொஞ்சம் நேரம் மீதி. விளம்பரம் குவிந்தால் அந்த எட்டு ஏழாகும். தீபாவளி வாரத்தில் இன்னும் குறையலாம்.

விளம்பரங்களை வரிசைப்படுத்தும் பிரிவுக்கு ரேடியோ நிலையத்தில் என்ன பெயர் தெரியுமா? 'டிராஃபிக்'. கத்திப்பாராவில் வண்டி நகரவில்லை என்று ஆர்.ஜே சொல்கிற டிராஃபிக் வேறு, இது வேறு. எந்தக் கடையின் விளம்பரம், எந்த நாள், எந்த பிரேக்கில், எத்தனாவதாக ஓட வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிப்பது இவர்கள் வேலை. அந்தப் பட்டியல்தான் 'லாக்'. விளம்பரம் ஓடியதற்கான சாட்சியும் அதுவேதான். காசு கொடுத்த கடைக்காரர் "நேத்து என் விளம்பரம் வரவே இல்லையே" என்று சண்டைக்கு வந்தால், லாக்கைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

25 நிமிடம் கேட்டால் 45 நிமிடக் கணக்கு!

சரி, ஏன் 8:20? ஏன் சரியாக 8 மணிக்கு விளம்பரம் வருவதில்லை? இதற்கு விடை அமெரிக்காவில் இருக்கிறது.

அங்கே எந்த நிலையத்தை எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று அளந்து சொல்லும் வேலையைப் பல பத்தாண்டுகள் செய்தது ஆர்பிட்ரான் என்ற நிறுவனம். 2013-ல் அதை நீல்சன் வாங்கிக்கொண்டது. இவர்கள் நேரத்தை நிமிடமாக எண்ணுவதில்லை. கால் மணி நேரமாக எண்ணுவார்கள். ஒரு கால் மணி நேரத்துக்குள் ஒருவர் 5 நிமிடம் ஒரு நிலையத்தைக் கேட்டுவிட்டால் போதும், அந்தக் கால் மணி முழுவதும் அந்த நிலையத்தின் கணக்கில் வரவு வைக்கப்படும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 8:55-லிருந்து 9:20 வரை ஒரு நிலையம் இடைவெளி இல்லாமல் பாட்டு போடுகிறது. ஒருவர் அந்த 25 நிமிடமும் கேட்கிறார். 9 மணிக்கு முந்தைய கால் மணியில் அவர் 5 நிமிடம் இருந்தார், ஒரு கணக்கு. 9:00 முதல் 9:15 வரை முழுசாக இருந்தார், இரண்டு. 9:15-க்குப் பிறகு 5 நிமிடம் இருந்தார், மூன்று. ஆக, கேட்டது 25 நிமிடம், வரவு மூன்று கால் மணி, அதாவது 45 நிமிடம்.

அதே ஆள், அதே 25 நிமிடம். ஆனால், நிலையம் 9 மணிக்கு விளம்பரம் போட்டுவிட்டு 9:05-லிருந்து 9:30 வரை பாட்டு போட்டால்? 9:05 - 9:15 ஒன்று, 9:15 - 9:30 ஒன்று. இரண்டே கால் மணிதான் தேறும். பாட்டு மாறவில்லை, கேட்பவரும் மாறவில்லை. விளம்பரத்தை வைத்த இடம் மட்டும்தான் மாறியது. அதில் ஒரு கால் மணி காணாமல் போய்விட்டது.

விளம்பரக் கட்டணம் இந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறி இறங்கும் என்பதால், யாராக இருந்தாலும் முதல் கணக்கைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். :00, :15, :30, :45 என்ற எல்லைக்கோடுகளைப் பாட்டால் தாண்ட வேண்டும். கேட்பவரைத் துரத்தக்கூடிய விளம்பரத்தைக் கோடுகளுக்கு நடுவே, :20-ஐ ஒட்டியும் :50-ஐ ஒட்டியும் வைக்க வேண்டும். எல்லா நிலையங்களும் ஒரே கணக்கைப் போட்டால், எல்லாருக்கும் ஒரே விடைதானே கிடைக்கும்? ஆட்டோ அண்ணன் நினைத்த 'சதி' இவ்வளவுதான்.

2025 ஜனவரியில் நீல்சன் இந்த விதியில் கை வைத்தது. மீட்டர் கருவி மூலம் அளக்கும் அமெரிக்க நகரங்களில் 5 நிமிடம் வேண்டாம், 3 நிமிடம் கேட்டாலே கால் மணிக் கணக்கு உண்டு என்று மாற்றியது. இரண்டு நிமிடக் குறைப்புதான். அதற்காகவே அங்குள்ள நிலையங்களில் கிளாக்குகளைப் புதிதாக வரைந்து பார்க்கும் விவாதம் தொடங்கியது.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் 2007-ல் 'ராம்' என்ற ரேடியோ கணக்கெடுப்பை டாம் மீடியா ரிசர்ச் தொடங்கியது. கேட்பவர் கையில் டைரி கொடுத்து, எப்போது எந்தச் சேனலைக் கேட்டார் என எழுதச் சொல்லும் முறை. மும்பை, டெல்லி, பெங்களூரு, கொல்கத்தா ஆகிய நான்கு நகரங்களில் எடுத்தார்கள். சென்னை அந்தப் பட்டியலில் இல்லை! அதாவது, கால் மணிக் கணக்கு பார்க்கவே ஆள் இல்லாத ஊரிலும் :20, :50 பழக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெளியூர்ச் செருப்பு அளவுக்குக் கால் பழகிய கதைதான் இது.

நகைக்கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவே பல் ஆஸ்பத்திரி

பிரேக்கின் உள்ளே போனால் அங்கே தனி உலகம். விளம்பர நேரம் 10 விநாடிக் கணக்கில் விற்கப்படுகிறது. 20, 30 விநாடி விளம்பரங்கள்தான் அதிகம் காதில் விழும். காலையில் வேலைக்குக் கிளம்பும் நேரமும், சாயங்காலம் வீடு திரும்பும் நேரமும் விலை அதிகம். மத்தியானம் மலிவு. "குறிப்பிட்ட நேரம் வேண்டாம், நாள் முழுக்க எங்கே இடம் இருக்கோ அங்கே போடுங்க" என்றால் இன்னும் மலிவு.

பிரேக்கில் முதல் விளம்பரத்துக்கும் கடைசி விளம்பரத்துக்கும் தனி மவுசு. முதலாவது வரும்போது கேட்பவர் இன்னும் சேனலை மாற்றியிருக்க மாட்டார். கடைசி வரும்போது, மாற்றியவர் திரும்பி வந்திருப்பார். நடுவில் மாட்டிக்கொள்பவர் பாடுதான் திண்டாட்டம். கல்யாணப் பந்தியில் பாயசம் தீர்ந்த வரிசையில் உட்கார்ந்த மாதிரி.

டெய்லர் கடை ரேடியோவில் நகைக்கடைக்கு அடுத்து பல் ஆஸ்பத்திரி வந்ததை மறுபடி நினைத்துப் பாருங்கள். ஒரே தொழிலைச் சேர்ந்த இருவரை அடுத்தடுத்து ஓடவிடக் கூடாது என்பது டிராஃபிக் பிரிவின் பால பாடம். இரண்டு நகைக்கடைக்காரர்களும் காசு கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் செய்கூலி இல்லை என்று சொல்லி வாய் மூடுமுன், இன்னொருவர் சேதாரமே இல்லை என்று ஆரம்பித்தால் இருவருக்கும் கோபம் வரும். ஆகவே நடுவே ஒரு பல் ஆஸ்பத்திரி. அட்சய திருதியை வாரத்தில் அதைச் செய்வது எத்தனை கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்... அந்த வாரத்தில் நகைக்கடை அல்லாத விளம்பரத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும்.

"அடுத்து ஒரு செம பாட்டு" என்று ஆர்.ஜே சொல்லிவிட்டுப் போனாரே, அதுவும் திட்டம்தான். பிரேக்குக்கு முன்னால் ஒரு ஆசை காட்ட வேண்டும், பிரேக் முடிந்ததும் உறுதியான ஹிட் ஒன்றைப் போட வேண்டும். சுமாரான புதுப் பாட்டை பிரேக்குக்கு அடுத்து வைத்தால், திரும்பி வந்தவர் மறுபடி போய்விடுவார் என்ற பயம்.

உண்மையில் அப்படி எல்லாரும் ஓடிவிடுகிறார்களா? 2011-ல் ஆர்பிட்ரான், மீடியா மானிட்டர்ஸ், கோல்மன் இன்சைட்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் அமெரிக்காவில் மீட்டர் கணக்கை வைத்து ஆராய்ந்தன. விளம்பரம் தொடங்குமுன் இருந்த கூட்டத்தில் சராசரியாக 93 சதவிகிதம் விளம்பர நேரத்திலும் அப்படியே இருந்தது. விளம்பரம் வந்ததும் நிறையப் பேர் ஓடிவிடுவார்கள் என்ற நம்பிக்கைக்கு நேர்மாறான விடை. பிரேக் நீள நீள ஆள் குறைகிறார்கள்தான். ஆனாலும், பெரும்பாலானோர் அசைவதே இல்லை. ஏன்? விளம்பரம் பிடித்ததாலா? இருக்காது. டெய்லர் அக்காவைப் போல கை ஓயாதவர்கள்தான் உலகம் முழுக்க ரேடியோ கேட்கிறார்கள் என்பதுதான் இயல்பான காரணமாக இருக்க முடியும்.

இந்த 93 சதவிகிதத்தை யார் எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. "அவங்க எங்கே போகப்போறாங்க?" என்று இன்னும் நாலு விளம்பரத்தைச் செருகலாம். அல்லது, போக முடியாதவரின் பொறுமையை மதித்துக் குறைக்கலாம். 2004-ல் அமெரிக்காவின் மிகப் பெரிய ரேடியோ நிறுவனமான கிளியர் சேனல், 'குறைவே நிறைவு' என்ற பொருளில் ஒரு திட்டத்தை அறிவித்தது. மணிக்கு ஓடும் விளம்பர நேரத்துக்கு உச்சவரம்பு, 60 விநாடி விளம்பரத்துக்குப் பதில் 30 விநாடி. 60 விநாடிக்குப் பழகிய விளம்பரதாரர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். அதே நிறுவனம் 2006-ல் இரண்டே விநாடி ஓடும் விளம்பரத்தையும் விற்கப் பார்த்தது. இரண்டு விநாடியில் என்ன சொல்ல முடியும்? தும்மினால் போச்சு.

பற்பசை பேரில் நிகழ்ச்சி

பிரேக் என்பது ரேடியோவோடு கூடப் பிறந்தது இல்லை. ரேடியோவின் முதல் கட்டண விளம்பரம் என்று பரவலாகச் சொல்லப்படுவது, 1922 ஆகஸ்ட் 28 அன்று நியூயார்க்கின் டபிள்யூ.ஈ.ஏ.எஃப் நிலையத்தில் ஒலித்தது. ஜாக்சன் ஹைட்ஸ் பகுதியில் கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளுக்கான விளம்பரம். ஆமாம், ரியல் எஸ்டேட்டேதான்! பாட்டோ ஜிங்கிளோ கிடையாது. ஒருவர் உட்கார்ந்து 10 நிமிடம் பேசினார். நகர நெரிசலை விட்டு வெளியே வாருங்கள், காற்றோட்டமாக வாழுங்கள் என்று சொற்பொழிவு. கட்டணம் 50 டாலர்.

நம் பக்கம் விளம்பரம் வந்த வழி கடல் தாண்டியது. 1950-ல் இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. 1952-ல் இந்தியாவின் தகவல், ஒலிபரப்பு அமைச்சரான பி.வி.கேஸ்கர், சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்று கருதியவர். ஆகாஷ்வாணியில் சினிமாப் பாட்டு காணாமல் போனது. ரசிகர்கள் ரேடியோவின் முள்ளைத் திருப்பி இலங்கைக்குப் போனார்கள். பின்னாலேயே இந்திய விளம்பரதாரர்களும் போனார்கள். அதே 1952-ல் தொடங்கிய 'பினாகா கீத்மாலா'வில் பினாகா என்பது பற்பசையின் பெயர். 2024-ல் மறைந்த அமீன் சயானி அந்த நிகழ்ச்சியை 1988 வரை அந்த அலைவரிசையில் நடத்தினார். பற்பசை மறந்தவர்களுக்குக்கூட அந்தக் குரல் மறக்கவில்லை. தமிழ்நாட்டு வீடுகளில் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலித்த காலமும், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்களுக்கு இங்கே ரசிகர்கள் இருந்த கதையும் 50 வயது தாண்டியவர்களைக் கேட்டால் ராத்திரி முழுக்கச் சொல்வார்கள்.

1957 அக்டோபர் 3-ல் விவித் பாரதி வந்தது. ஆனால், அதில் விளம்பரம் நுழைய இன்னும் பத்தாண்டுகள் ஆயின. 1967 நவம்பர் 1 அன்று மும்பை, புனே, நாக்பூரில் ஆரம்பித்து, பிறகு சென்னை உட்பட மற்ற ஊர்களுக்கும் வந்தது. 'ஹார்லிக்ஸ் வழங்கும் சுசித்ராவின் குடும்பம்' கேட்டு வளர்ந்த தலைமுறை இன்றும் அந்தப் பெயரை ஒரே மூச்சில் சொல்லும். அதில் ஒளிவுமறைவே இல்லை. யார் காசில் நிகழ்ச்சி நடக்கிறது என்று தலைப்பிலேயே எழுதி ஒட்டியிருந்தது.

டி.வி-க்கு 12, ரேடியோவுக்கு?

டி.வி சேனல்களுக்கு மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று கேபிள் டி.வி விதிகள் சொல்கின்றன. அதிலும் 10 நிமிடம் வியாபார விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். சமுதாய வானொலிகளுக்கும் உச்சவரம்பு உண்டு. 2004-ல் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் தொடங்கிய அண்ணா எஃப்.எம்தான் நாட்டின் முதல் சமுதாய வானொலி. இந்தச் சின்ன நிலையங்கள் மணிக்கு 7 நிமிடம்தான் விளம்பரம் போடலாம் என்றிருந்ததை, 2024-ல் மத்திய அரசு 12 நிமிடமாக உயர்த்தியது. அவற்றுக்கான அரசு விளம்பரக் கட்டணமும் 10 விநாடிக்கு 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயானது. கணக்குப் போட்டால், 12 நிமிடமும் நிரம்பி வழிந்தாலும் ஒரு மணி நேரத்துக்கு 5,328 ரூபாய். அவ்வளவு விளம்பரம் ஒரு கிராமத்துச் சமுதாய வானொலிக்கு எங்கே கிடைக்கப்போகிறது என்பது வேறு விஷயம்.

தனியார் எஃப்.எம் நிலையங்களுக்கு இப்படி ஒரு மணிக் கணக்கு உச்சவரம்பு இல்லை. ஆகாஷ்வாணியின் விளம்பர நெறிகளை அவர்கள் பின்பற்ற வேண்டும், எதை விளம்பரப்படுத்தலாம், கூடாது என்பதெல்லாம் அதில் உண்டு. எவ்வளவு நேரம் என்பது அவரவர் கிளாக் பாடு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கேட்பவரிடம் சந்தா வாங்க முடியாது, சொந்தமாகச் செய்தி தயாரித்துப் போட அனுமதி இல்லை. பாட்டுக்கு ராயல்டி, அரசுக்கு லைசென்ஸ் கட்டணம், கரன்ட் பில், சம்பளம் எல்லாம் அந்த 10 விநாடித் துண்டுகளிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த 10 விநாடிக்கு நாம் கொடுத்த விலை ஒன்றும் இருக்கிறது. விவித் பாரதியில் பாட்டுக்கு முன் படம், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று பொறுமையாகச் சொல்வார்கள். அதற்குக் கிட்டத்தட்ட 10 விநாடி ஆகும். தனியார் எஃப்.எம்-களில் அந்த வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது. பத்து வருஷமாகத் தினமும் கேட்கும் பாட்டை எழுதியவர் யார் என்று தெரியாமல் ஒரு தலைமுறை கேட்டுக்கொண்டிருக்கிறது.

பிரேக்கைத் தாண்டி வெளியே...

பிரேக்கில் வரும் விளம்பரத்தைத் திட்டலாம், ஆனால் அது விளம்பரம் என்று யாருக்கும் சந்தேகம் வராது. ஜிங்கிள் மாறும், குரல் மாறும், ஒலியின் தன்மையே மாறும். 'சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது' என்ற எச்சரிக்கை எக்ஸ்பிரஸ் ரயில் வேகத்தில் ஓடும்போது, காது தானாகவே உஷாராகிவிடும்.

இப்போது விளம்பரதாரர்கள் அதிகம் விரும்புவது பிரேக்குக்கு வெளியே கிடைக்கும் இடத்தை. ரேடியோ உலகில் இதற்கு 'ஆர்.ஜே மென்ஷன்' என்று பெயர். ஆர்.ஜே தன் வழக்கமான குரலில், வழக்கமான கிண்டலோடு, இரண்டு பாட்டுக்கு நடுவே ஒரு கடையைப் பற்றியோ ஒரு மனைப் பிரிவைப் பற்றியோ பேசுவது. "சன்டே ஃபேமிலியோட போயிட்டு வந்தேங்க, என்ன காத்து தெரியுமா..." என்பது மாதிரி. அதற்குத் தனிக் கட்டணம். பிரேக் இல்லை, ஜிங்கிள் இல்லை. கேட்பவர் சேனலை மாற்ற வேண்டும் என்று நினைக்கக்கூட அவகாசம் இல்லை. 1922-ன் 10 நிமிடச் சொற்பொழிவு சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறது.

எல்லா மென்ஷனும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. தெரு முனையில் புதுசாகத் திறந்த பிரியாணிக் கடையைப் பற்றி ஆர்.ஜே பேசினால், போய் ஒரு பிளேட் சாப்பிட்டுப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் நஷ்டம் 200 ரூபாயோடு போயிற்று. ஆனால், மனை? நகைச் சீட்டு? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11-வது பிரிவு, விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணும், ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது. 30 விநாடி விளம்பரத்தின் கடைசியில் அந்த எண்ணை மூச்சுவிடாமல் படித்தாவது வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி மாதிரிப் பேசும் குரலுக்குள் பதிவு எண்ணை எங்கே நுழைப்பது?

இன்ஸ்டாகிராமில் காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்பவர், அது விளம்பரம் என்று லேபிள் போட வேண்டும் என 2021-ல் இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சிலான 'ஆஸ்கி' வழிகாட்டுதல் கொண்டுவந்தது. ஆடியோ என்றால் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்ல வேண்டும். நடுவில் பிரேக் எடுத்தால் அதற்கு முன்னும் பின்னும் சொல்ல வேண்டும் என்றுகூட அதில் இருக்கிறது. ஆனால், அது டிஜிட்டல் ஊடகங்களுக்காக எழுதப்பட்டது. அதே ஆர்.ஜே, அதே மனையைப் பற்றித் தன் இன்ஸ்டா பக்கத்தில் பேசினால் லேபிள் எதிர்பார்க்கிறோம். காலை 8:35-க்கு எஃப்.எம்-மில் பேசும்போதும் மென்ஷனுக்கு முன்னால் "இது விளம்பரம்" என்று இரண்டே சொல் சேர்த்தால் என்ன? இரண்டு விநாடிகூட ஆகாது. இரண்டு விநாடியை விற்கவே தெரிந்த தொழில் இது.

காதில் விழுகிற விளம்பரம் உண்மைக்குப் புறம்பானது என்று தோன்றினால் ஆஸ்கியிடம் வாட்ஸ்அப்பிலும் இணையதளத்திலும் புகார் கொடுக்க வழி இருக்கிறது, கட்டணம் கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ம் இருக்கிறது. ரேடியோவில் கேட்டதைப் புகாராகக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: சேனல், தேதி, நேரம் மூன்றையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். நாளிதழ் விளம்பரத்தைக் கத்தரித்து வைக்கலாம், ரேடியோ விளம்பரம் காற்றோடு போய்விடும். நேரம் தெரிந்தால், நிலையத்தின் லாக்கில் அது இருக்கும்.

டெய்லர் கடையில் மணி 8:27. கடைசி விளம்பரம் முடிந்து, ஆசை காட்டிய அந்த 'செம பாட்டு' ஒருவழியாக வந்துவிட்டது. அக்கா வால்யூமைக் கூட்டுவதற்காக மெஷினை ஒரு நிமிடம் நிறுத்துகிறார். ஜாக்கெட் வாங்க வந்து நிற்கும் காலேஜ் பெண் கேட்கிறாள், "இது யாரு பாடினதுக்கா?" அக்காவுக்குத் தெரியும். சொல்கிறார்.